முற்றத்தைத் தேடி வந்த பள்ளி

போளூரிலிருந்து ஏறினாலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினாலும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறினாலும் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரை அடையலாம். மலைமேல் உள்ள ஊர்கள் சமவெளி ஊர்களைப்போல் நெருங்கி அமைந்தவை அல்ல. இங்கே பத்து வீடுகள், அங்கே இருபது வீடுகள். இடையே ஓடையும் காடும் சாமைக் கொல்லையும். இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரள நாட்டாரோடு இப்பெயரால் அவர்களுக்கு உறவு ஏதுமில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் இம்மலையடுக்கின் ஒரு பகுதியில் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே பங்கின் சார்பில் ஒரு பால்வாடி திறந்தோம். ஆலய வளாகத்தில் இடம் இருந்தது. ஓட்டுக் கூரை இருந்தது. சமவெளியிலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரும் வந்து சேர்ந்தார். ஆயினும் முப்பது குழந்தைகளை எதிர்பார்த்த இடத்தில் பன்னிரண்டு பேரே வந்தனர். பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று எல்லாரையும்போல் நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள், பேத்தியை இடுப்பில் சுமந்தபடி கொல்லைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் காரணம் கேட்டோம்.

"உங்க பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குது சாமி. மழை வந்தா புள்ள அந்தப் பக்கம் நிக்கும், நான் இந்தப் பக்கம் நிப்பேன். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாங்களே இடம் காட்டியிருப்போமே" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையை நாம் கேட்கவில்லை. சிறு குழந்தைகளுக்காக நம் நாட்டில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆற்றிய பணியின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது, அந்தப் பாட்டியின் சொற்களே அவ்வரலாற்றுக்குத் திறவுகோல் எனக் கண்டோம். கேட்டுச் செய்த இடங்களில் பணி வேரூன்றியது. கேளாமல் செய்த இடங்களில் கட்டடமும் பதிவேடும் மட்டுமே நின்றன. அவ்வரலாற்றை வாசகர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லின் பிறப்பு

'அங்கன்வாடி' என்னும் சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். 'அங்கண்' என்றால் முற்றம்; அங்கன்வாடி என்பது முற்றத்துப் பள்ளி. அச்சொல்லுக்குப் பின்னே ஒரு தோல்வியும், அத்தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட பணிவும் இருக்கின்றன.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி விடப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லம் அது. அவர்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே அது அமைந்தது அதன் சிறப்பு. அவருடைய கருத்துகள் நம் நாட்டுக்கும் பரவின. 1920இல் குசராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேகா பால மந்திரம் ஒன்றை நிறுவினார். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945இல் மராட்டியக் கடலோரத்துப் போர்டி என்னும் ஊரில் சிற்றூர்க் குழந்தைகளுக்கென ஒரு கல்வி நிலையம் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார். ஆனால் அப்பகுதியின் பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. அந்த அம்மையார் இருவரும் அம்மக்களைக் குறைகூறவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் எனத் துணிந்தனர். குடிசைகளுக்கு நடுவேயுள்ள முற்றங்களில் அமர்ந்தனர்; கூழாங்கற்களையும் இலைகளையும் விதைகளையுமே கற்பிக்கும் கருவிகளாக்கினர். 1957இல் கோஸ்பாட் குன்றுக்கு இடம் பெயர்ந்த இப்பணி, வார்லி இன மக்களிடையே தொடர்ந்தது. முற்றத்துப் பள்ளி என்னும் கருத்து இவ்வாறு ஒரு பழங்குடிச் சிற்றூரிலிருந்து பிறந்து நாடெங்கும் சென்றது.

பள்ளி வாயிலிலிருந்து தொட்டில் வரை

தமிழகத்தில் அரசின் பார்வை மேலிருந்து கீழாக, அதாவது பெரிய பிள்ளைகளிடமிருந்து சிறு குழந்தைகளை நோக்கி, மெல்ல இறங்கி வந்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவு செய்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது ஏற்பாடு. 1956இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடக்கம் பெற்றது. அத்திட்டம் தொடக்கத்தில் அரசுக் கருவூலத்தைவிட ஊராரின் கொடையைப் பெரிதும் நம்பி நடந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் கூட்டினார். ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் பலகை தந்தார். வேறொருவர் கிணறு வெட்டித் தந்தார். அரசாணையும் ஊர்க்கூட்டமும் கைகோத்த காலம் அது.

எனினும் இவை யாவும் பள்ளி வயதை எட்டிய பிள்ளைகளுக்கே உரியவை. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் உடலும் மூளையும் வேகமாக வளர்கின்றன. குழந்தைகளை மிகுதியாக இழப்பதும் அவ்வயதிலேதான். அந்த ஆண்டுகளை வீட்டின் கவலையாகவே நாடு விட்டுவைத்திருந்தது. இந்நிலையை மாற்றும்படி வற்புறுத்தியவர்களுள் மீனா சுவாமிநாதன் குறிப்பிடத்தக்கவர். மத்திய அரசின் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த ஆய்வுக் குழு, அவர் தலைமையில், பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தையின் வளர்ச்சி பற்றிய அறிக்கையை 1972இல் அளித்தது. 1974இல் தேசியக் குழந்தைகள் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள், 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டது. இணையுணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு உடல்நலக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. கல்வி, நலவாழ்வு, சமூக நலம் எனப் பிரிந்து கிடந்த துறைகள் ஒரு குழந்தையை முன்னிட்டு ஒன்றுகூட வேண்டியதாயிற்று.

1982 சூலை 1ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளையும் அத்திட்டம் சேர்த்துக்கொண்டது. அதன் பணியிடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒருமுறை முட்டை சேர்ந்தது; பின்வந்த ஆண்டுகளில் அது வாரந்தோறும் கிடைக்கலாயிற்று. ஆட்சிகள் மாறியபோதும் எந்தக் கட்சியும் குழந்தையின் தட்டிலிருந்து எதையும் எடுத்துவிடத் துணியவில்லை. நம் மாநிலத்தின் அரசியலில் நாம் மனநிறைவு கொள்ளத்தக்க செய்திகளுள் இதுவும் ஒன்று.

தராசு யார் கையில்?

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத மற்றொரு முயற்சி உண்டு. 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே அது. பத்தாண்டுகளுக்குள் அது 173 ஊராட்சி ஒன்றியங்களில் பரவிற்று.

அதன் நடைமுறை எளியது. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையான குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பர். எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறிப்பர். கோடு மேலேறினால் நலம். ஏறாமல் நின்றாலோ சரிந்தாலோ அக்குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இணையுணவு தருவர். எடை தேறியதும் நிறுத்திவிடுவர். இதனால் உணவின் இடத்தை அறிவு பிடித்தது. தன் குழந்தை ஏன் தேறவில்லை என்பதைத் தாயே அட்டையில் பார்த்தார். என்ன செய்தால் தேறும் என்பதைத் தன் அடுப்பங்கரையிலேயே கண்டறிந்தார்.

யார் நிறுப்பது என்பதில்தான் அத்திட்டத்தின் உயிர் இருந்தது எனலாம். ஊட்டச்சத்துப் பணியாளர் அதே ஊரைச் சேர்ந்த பெண்ணாக இருக்கவேண்டும். ஏழைக் குடும்பத்தவராக, தம் குழந்தையை நலமாக வளர்த்துக் காட்டிய தாயாக இருந்தால் இன்னும் நன்று. பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதைக் கேட்கும் தாய், பட்டணத்திலிருந்து வந்தவர் சொல்வதைத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார் என்பதைத் திட்டமிட்டவர்கள் அறிந்திருந்தனர். ஊர்தோறும் மகளிர் குழுக்கள் அமைந்தன. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் அமர்த்தப்பட்டார். அவர் குறை கண்டு எழுதுவதைவிடக் கூட அமர்ந்து கற்றுத்தருவதே முறையாயிருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களோடு சேர்ந்து இயங்கினார். அத்திட்டம் நடைபெற்ற பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியளவு வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. நடுத்தரமான ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இம்முயற்சிகள் தனித்தனியே நடந்ததால் இடர்ப்பாடும் விளைந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு மையம், அதன் அக்காளுக்கு வேறொரு மையம்; இரண்டு பதிவேடுகள், இரண்டு மேலதிகாரிகள். 1990களில் இவை படிப்படியாக ஒரே கூரையின்கீழ் கொண்டுவரப்பட்டன. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் இயங்குகின்றன. வடமாநிலங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாகத் தமிழகத்தைக் காட்டுவோர் கட்டடங்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் போதாது. பெண்கள் நடத்தி, பெண்கள் மேற்பார்த்து, பெண்களே பயிற்சி தந்த அமைப்பு என்பது அவ்வெற்றியின் பெரும்பங்கு.

எண்ணிக்கையும் தொலைவும்

இனி மீண்டும் மலைக்கு வருவோம். சமவெளியில் வென்ற இந்த அமைப்பு மலைமேல் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. காரணம், அது மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டது. தொடக்க காலத்தில் சமவெளியில் 1,000 பேருக்கு ஒரு மையம், பழங்குடிப் பகுதியில் 700 பேருக்கு ஒரு மையம் என வகுத்தனர். கணக்கு சரிதான். ஆனால் மலையில் 700 பேரைச் சேர்க்க எத்தனை ஓடைகளைக் கடக்கவேண்டும்? மூன்று வயதுக் குழந்தையின் காலுக்கு ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம்?

2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கு இக்கணக்கைச் சற்றே மாற்றிற்று. 2006 டிசம்பர் 13ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது உள்ள குடியிருப்பு அங்கன்வாடி வேண்டும் எனக் கேட்டால் மூன்று மாதங்களுக்குள் தரவேண்டும் என நீதிமன்றம் கூறியது. பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளுக்கு முதலிடம் தரவும் பணித்தது. நாற்பது குழந்தைகள் இல்லாத மலைக் குடியிருப்புகளுக்கு, 150 முதல் 300 பேருக்கு ஒன்று என்னும் குறு அங்கன்வாடி ஏற்பாடு கைகொடுத்தது. இங்கே 'கேட்டால்' என்னும் சொல்லைக் கவனிக்கவேண்டும். கேட்பவர் யார்? கேட்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்பவர் யார்?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலும் இத்தகைய கதவு ஒன்று உண்டு. கிராம சபை பரிந்துரைத்தால் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் தமிழகத்தில் இல்லாமையால், மற்ற சில மாநிலங்களின் பழங்குடிக் கிராம சபைகளுக்குள்ள தனி அதிகாரங்கள் நம் மலைமக்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே இந்தச் சிறு கதவு அவர்களுக்கு இன்னும் பெரிதாகிறது.

ஆட்சி எல்லையும் ஒரு தடையே. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூரில் உள்ளன. புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் 2019இல் உருவான திருப்பத்தூரில் உள்ளன. மலைக்கு ஒரு முகம். அலுவலகக் கோப்பிலோ மூன்று. ஒரு மாவட்டத்துச் சிற்றூருக்கு அடுத்த மாவட்டத்து மருத்துவமனை அருகில் இருக்கக்கூடும். அலுவலர்கள் சேர்ந்து அமர்ந்து பேசாவிட்டால் குழந்தை எல்லைக்கோட்டில் நின்றுவிடும்.

இதை வெறும் நிர்வாகச் செய்தியாக நாம் எழுதவில்லை. 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாமையால் அதன் உடலைத் தாய் கையில் ஏந்தி மலையேறி நடந்த செய்தியைப் படித்தோம். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் காவல்துறையினர் சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களும் சிற்றூர்களும் அவர்களை இழந்து அழுதன. பிழைப்புத் தேடிப் பெற்றோர் மலையிறங்கிப் போகும்போது குழந்தை பாட்டியின் இடுப்பில் விடப்படுகிறது. ஓடையின் இந்தப் பக்கம் நிற்கும் அந்தப் பாட்டிக்கு ஓர் அங்கன்வாடி என்பது குழந்தையின் ஒருவேளை உணவும், அவருடைய அரைநாள் கூலியும், அவசரத்துக்கு ஓடிவர ஒரு ஆளும் ஆகும்.

துணைநிற்கும் நெறி

1931இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடலில் ஒரு சமூக நெறி தெளிவாக வகுக்கப்பட்டது. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. அது இயலாதபோது துணைநிற்கவேண்டும் என்பதே அதன் சாரம். குருமடத்தில் இதை நாம் தேர்வுக்காகப் படித்தோம். ஓடைக்கரையில்தான் அதன் பொருள் விளங்கிற்று. பெரியது விலகி நிற்பதும் இந்நெறிக்கு ஒவ்வாது. அரிசியும் முட்டையும் ஊதியமும் தடுப்பூசியும் அரசு தரவேண்டியவை. எந்தச் சிற்றூரும் தானாக அவற்றைத் தேடிக்கொள்ள முடியாது. இடத்தையும் ஆளையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளும் அறிவு ஊரிடம் இருக்கிறது. எந்த அலுவலகமும் அதைக் கோப்பில் பெறமுடியாது. இவ்விரண்டும் சேர்வதையே கூட்டுத் தலைமை என்கிறோம்.

இன்றைய சீர்திருத்தங்களையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். 2021 முதல் அங்கன்வாடிக் கணக்குகள் செல்பேசிச் செயலியில் ஏற்றப்படுகின்றன. எந்தக் குழந்தை எங்கே மெலிந்திருக்கிறது என்பதைத் தலைநகரிலிருந்தே காணலாம் என்பது நன்மையே. ஆனால் அலைவரிசை கிட்டாத மலையூரில், எடையைத் தாய்க்கு விளக்கவேண்டிய நேரம் அதைச் செயலியில் ஏற்றப் பாறைமேல் ஏறி நிற்பதில் கழிந்தால், தராசு மீண்டும் தாயின் கண்ணிலிருந்து அகன்றுவிடும். 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொண்டு என்னும் அழகிய பெயரால் அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதித்த வழக்கத்துக்கு அது ஒரு மறுப்பு. திருச்சபையின் நிறுவனங்களை நடத்தும் நமக்கும் அத்தீர்ப்பில் பாடம் இருக்கிறது.

அந்தப் பால்வாடி என்னவாயிற்று என வாசகர்கள் கேட்கக்கூடும். பாட்டி சொன்ன மறுவாரம் ஊர்க்கவுண்டரையும் தாய்மாரையும் கூட்டிப் பேசினோம். ஓடையின் இந்தப் பக்கத்தில், ஒரு வீட்டு முற்றத்துப் பலாமரத்தடியை அவர்கள் காட்டினார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த ஓர் இளந்தாயை அவர்களே தேர்ந்தார்கள். சமவெளியிலிருந்து வந்த ஆசிரியை அவருக்குப் பயிற்சி தந்துவிட்டு விடைபெற்றார். பன்னிரண்டு பேர் முப்பத்தொருவர் ஆயினர். சில ஆண்டுகளில் தாய்மார் மனுக் கொடுத்து அரசின் குறு அங்கன்வாடியைப் பெற்றனர். அன்று பாயையும் கரும்பலகையையும் எடைத் தராசையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு நம் பால்வாடியை மூடினோம். திறந்த நாளைவிட மூடிய நாளே நமக்கு நிறைவு தந்தது.

நம் பங்குகளில் பள்ளி, மருந்தகம், விடுதி எனப் பல நடத்துகிறோம். ஆண்டுவிழாவில் வந்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் வாசிக்கிறோம். இவ்வாண்டு வராதவர்களின் வீடுகளுக்குச் செல்வோம். ஏன் வரவில்லை என்று கேட்டபின், எங்கே வைத்தால் வருவீர்கள் என்று அவர்களிடமே கேட்போம்.